சொந்தமா, அந்நியமா?

ஒன்பதாவது கேள்வி வந்ததும் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். "வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடியே சொந்தமா, அந்நியமா?"

எதிரே இருப்பவள் நிமிர்ந்து உட்காருகிறாள். "அந்நியத்துல குடுக்க நாங்க என்ன நாதியத்தவங்களா? மாமன் மகன்!" இன்னொரு அதிர்ஷ்டசாலியைக் கண்ட களிப்போடு தலையாட்டிவிட்டு, இவள் கட்டத்தில் டிக் போடுகிறாள்.

சுகாதார அலுவலகத்தில் அவளுக்குக் 'கேள்வி அக்கா' என்று பெயர். நாளைக்கு இருபது வீடு. மாடிப்படிகளில் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுவாள். கதவு திறந்ததும் சிரிப்பாள். படிவத்தில் உறவுக்கு நான்கே கட்டங்கள். "எங்க மாமியார் எனக்கு அத்தை, எங்கம்மாவுக்கு மாமன் பொண்ணு" என்று யாராவது ஆரம்பித்தால், வெள்ளைத்தாள் எடுத்துப் படம் போடுவாள். "மரம்னா விரியணும்மா. இது கயிறு மாதிரில்ல முறுக்கிக்குது!"

அவள் திரட்டியதெல்லாம் அலுவலகச் சுவரில் வண்ணப் பட்டையாகத் தொங்குகிறது: சொந்தத்தில் கட்டியவர்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதிகாரி அதைத் தட்டிக்காட்டி, "படிக்காத ஜனங்க, என்ன செய்யறது?" என்று வருத்தப்படுவார். அவர் மனைவி அவருடைய அக்கா மகள். இரண்டு பட்டம் வாங்கியவள்.

அந்த முப்பத்தெட்டில் இவளும் ஒருத்தி. அத்தை மகனைக் கட்டியவள். அண்ணனும் அதே வீட்டில் பெண் எடுத்ததால் அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆள். ஒரு சண்டை போட்டால் இரண்டு உறவு முறியும் வசதி.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பழக்கூடையோடு வந்தான், தன் மகனுக்கு அவள் மகளைக் கேட்டு. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் வழக்கம்போலப் பேப்பருக்குள் போய்விட்டான்.

"முறைப்பொண்ணைக் கேக்க வேற செய்யணுமா? நம்ம ரத்தம் நம்மகிட்டயே இருக்கட்டும்" என்றான் அண்ணன்.

"இருந்துச்சேண்ணே. பதினோரு மாசம்."

அவளுடைய முதல் பிள்ளை அவ்வளவு காலம்தான் இருந்தான். ஏன் போனான் என்று கேட்க எந்தப் படிவமும் அந்த வீட்டுக்கு வந்ததில்லை. பேப்பர் மெல்லத் தாழ்ந்தது.

"அது விதி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தந்தாண்ணே. அதைப் பேசத்தானே வந்திருக்கே?"

அண்ணன் கணவனைப் பார்த்தான். கணவன் அவளைப் பார்த்தான். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். குனிந்து, அண்ணன் கழற்றி விட்டிருந்த செருப்புகளை மிக மரியாதையாக எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.