ஓய்வுநாள் எல்லையில் ஒரு கழுதைக்காரன்

கெபார்-சூம் ஊரில் யாருக்காவது தூரம் தெரிய வேண்டுமானால் கழுதைக்காரன் யோவேசேரிடம்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதும் வழக்கம்.

"திபேரியா எவ்வளவு தூரம்ப்பா?"

"யாரு போறது?"

"நான்தான்."

"உன் நடைக்கு ரெண்டு நாள். என் கழுதைய மட்டும் அனுப்பினா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துரும்."

எருசலேம் அவனுக்கு மூன்று நாள், மாமியாரும் கூட வந்தால் ஐந்து. கிணறு ஓர் அம்பு பாயும் தூரம். அடுத்த வீடு கல்லெறி தூரம். பெரிய சாலையில் ரோமர்கள் நட்டு வைத்திருந்த மைல்கற்களை அவன் மதித்ததே கிடையாது. "ஏத்தத்துக்கும் அதே கணக்கு, இறக்கத்துக்கும் அதே கணக்கு. இத நட்டவன் ஒரு நாளாவது மூட்டை சுமந்திருப்பானா?" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. தூரம் என்பது கல்லில் இல்லை, காலில் இருக்கிறது என்று நானும் பல தடவை நினைத்ததுண்டு.

ஒரே ஒரு ஊரின் தூரத்தை மட்டும் அவனிடம் யாரும் கேட்பதில்லை. பெத்-ஏலா என்று சொன்னாலே முகம் சுண்டிப்போகும். அந்த ஊர் எங்கேயோ இல்லை. பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில், கண்ணுக்கு நேராக இருக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதற்குள் போய்விடலாம். அங்கேதான் அவனுடைய அண்ணன் பெரகியா, பெண் எடுத்த இடத்தில் வீடு கட்டிக் குடியிருந்தான்.

சண்டை ஒரு கயிற்றில் ஆரம்பித்தது. யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை இருட்டியதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வுநாள். அன்றைக்கு ஊர் ஓரத்திலிருந்து இரண்டாயிரம் முழம்தான் நடக்கலாம், அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. பழைய எல்லைக் கல்லை ஒரு மழைக்காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதிதாக அளந்து நட வேண்டும். அதற்கென்று ஐம்பது முழ நார்க்கயிறு உண்டு. இரண்டு பேர் இரண்டு முனைகளையும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அளந்துகொண்டே போக வேண்டும். ஒரே உயரமாக இருந்த அண்ணனையும் தம்பியையும் ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டார்கள்.

கயிறு இரவெல்லாம் பனியில் கிடந்து நனைந்திருந்தது.

"காயட்டும்டா. நனைஞ்ச கயிறு சுருங்கும்" என்றான் பெரகியா.

யோவேசேருக்குத் திபேரியாவுக்கு எண்ணெய்ச் சாடிகள் ஏற்றிப் போகிற அவசரம். "சுருங்கினா எவ்வளவு சுருங்கிடும்? பிடிண்ணே, வெயில் ஏறிட்டா கழுதை நகராது" என்றான்.

அளந்தார்கள். கணக்கு முடிந்த இடம் பெத்-ஏலாவின் முதல் வீட்டுக்கு நாலு எட்டு முன்னால் இருந்தது. அங்கே கல்லை நட்டார்கள். பெத்-ஏலாக்காரர்களும் அந்த அளவையே ஏற்றுக்கொண்டு, கெபார்-சூமின் முதல் வீட்டுக்கு நாலு எட்டு முன்னால் தங்கள் கல்லை நட்டார்கள். கயிறு காய்ந்து முழு நீளம் இருந்திருந்தால் இரண்டு ஊரும் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று வந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி அளக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "கூட நடந்தாத்தான் பாவம், குறைச்சு நடந்தா பாவமா?" என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த குளிர்காலத்தில், ஓர் ஓய்வுநாள் மதியம், அவர்களுடைய அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மா இருந்தது கெபார்-சூமின் முதல் வீட்டில். யோவேசேர் பள்ளத்தின் விளிம்பில் நின்று கத்தினான். பெரகியா விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். தன் ஊர்க் கல் வந்ததும் நின்றுவிட்டான்.

"வாண்ணே. அம்மா உன்னத்தான் கேக்குது."

பெரகியா அழுதான். தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை. அவன் சுபாவம் அப்படி. சின்ன வயதில்கூட, அப்பா பார்க்காதபோதும் அடுத்தவன் தோட்டத்து அத்திப்பழத்தைத் தொடமாட்டான். நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்தபோது அவன் உள்ளே ஓடினான். அதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள்.

பிணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் பேசக் கூடாததைப் பேசினார்கள்.

"நீ நாலு எட்டு எடுத்து வச்சிருக்கலாம்."

"நீ கயிறக் காய விட்டிருக்கலாம்."

இரண்டுமே உண்மை. அதனால்தான் இரண்டு பேராலும் மறக்க முடியவில்லை. அதன்பின் ஆறு வருஷம் பேச்சு இல்லை. சந்தையில் எதிரே வந்தால் யோவேசேர் கழுதையின் குளம்பைப் பார்ப்பான், பெரகியா வானத்தைப் பார்ப்பான்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் யோவேசேர் திபேரியாவிலிருந்து திரும்பி வந்தபோது, அவன் மனைவி சிப்போராள் கைகளில் மாவோடு வாசலிலேயே நின்றாள்.

"உங்க அண்ணனுக்குப் பையன் பொறந்திருக்கான். போன ஓய்வுநாள்ல. நாளைக்குக் காலையில விருத்தசேதனம்."

யோவேசேர் மூட்டையை அவிழ்க்காமல் நின்றான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லாதவன் பெரகியா.

"சொல்லி அனுப்பியிருக்காரு" என்றாள் சிப்போராள். "பிள்ளைய சித்தப்பன் மடியில வச்சுத்தான் செய்யணுமாம். வந்தா வரட்டும், வரலேன்னா மச்சினன் மடியில வச்சுக்கிறேன், அதோட நமக்குள்ள ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிடுன்னு சொன்னாராம்."

"கூப்பிடுற லட்சணமா இது?"

"அவருக்கு வந்தது அவ்வளவுதான். உங்களுக்கு அதுகூட வரலையே."

ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் நுனித்தோலை நீக்கும் சடங்கு அது. அந்த நாள் ஓய்வுநாளில் விழுந்தாலும் நிற்காது. ஆனால் அதைப் பார்க்கப் போகிறவனுக்கு எல்லை எல்லைதான்.

"இப்பவே கிளம்பிப் போயிடுங்க. ராத்திரி அங்கயே தங்கிடுங்க" என்றாள் சிப்போராள்.

"ஆறு வருஷம் பேசாதவன் வீட்டுல போய் ராச்சாப்பாட்டுக்கு உக்காரச் சொல்றியா? தொண்டையில இறங்குமா?"

"அப்ப ரொட்டி வச்சுட்டு வாங்க."

கல்லைத் தாண்டிப் போக ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வழியில் ஓரிடத்தில் வைத்துவிட்டால், அந்த இடமே அவனுடைய வீடு என்று ஆகிவிடும். மறுநாள் இரண்டாயிரம் முழம் அங்கிருந்து தொடங்கும். ஒரே நிபந்தனை, மூன்று நட்சத்திரங்கள் தெரிந்து ஓய்வுநாள் பிறக்கும்போது சாப்பாடு அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன் கெட்டாலோ காணாமல் போனாலோ வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

சிப்போராள் சுடச்சுட இரண்டு ரொட்டிகளை அத்தி இலையில் சுற்றிக் கொடுத்தாள். பள்ளத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக் காவல் குடிசை காலியாகக் கிடந்தது. அதன் கற்சுவரின் இடுக்கில் வைத்துவிட்டு யோவேசேர் வீடு திரும்பினான். போவதா வேண்டாமா என்று அப்போதும் அவன் முடிவு செய்யவில்லை. ரொட்டி இருந்தால் காலையில் எப்படியும் முடிவு செய்துகொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

காலையில் எழுந்ததுமே போக வேண்டும் போலிருந்தது. இரவெல்லாம் புரண்டதில் கோபம் எங்கேயோ நசுங்கிப் போயிருந்தது. நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். குடிசைக்கு வந்து இடுக்கில் பார்த்தான். ரொட்டி இல்லை. இலை மட்டும் கீழே கிடந்தது, அதன்மேல் எறும்புகள்.

யோவேசேர் குனிந்து சுற்றிலும் தேடினான். நரியா, காக்கையா, வழிப்போக்கனா? யாராக இருந்தால் என்ன. எப்போது என்பதுதான் கேள்வி. இருட்டிய பிறகு என்றால் அவன் போகலாம். இருட்டுவதற்கு முன் என்றால் போகக் கூடாது. எறும்பிடம் கேட்கவா முடியும்?

திரும்பிப் போகவும் மனமில்லை. கல் வரைக்கும் போக அவனுக்கு உரிமை இருந்தது, போனான். பெத்-ஏலாவின் முதல் வீடுதான் பெரகியாவின் வீடு. வாசலில் கூட்டம். உள்ளே பெண்கள் பாடுவது கேட்டது. நாலு எட்டு. யோவேசேர் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான்.

அன்றைக்கு அண்ணன் எப்படி நின்றிருப்பான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கால் எடுக்காமல் நிற்பது சுலபம் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தான்.

வாசலில் நின்ற கிழவர் ஒருவர் அவனைப் பார்த்துவிட்டார். "என்னப்பா கழுதைக்காரா, உன் கழுதை மாதிரியே நடுவழியில நின்னுட்ட? உள்ள வா."

"அண்ணனக் கூப்பிடுங்க மாமா."

பெரகியா வெளியே வந்தான். தாடி நரைத்திருந்தது. முதல் தடவையாக வானத்தைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தான்.

"ஏன் அங்கயே நிக்கிற?"

"ரொட்டி வச்சேன்ணே. சத்தியமா வச்சேன். குடிசைச் சுவத்துல. காலையில வந்து பாத்தா காணோம்." பள்ளத்தைக் கை காட்டினான். "இருட்டுறதுக்கு முன்னால போச்சோ என்னமோ தெரியல. நான் வரலேன்னு மட்டும் நினைச்சுராத. மச்சினன் மடியிலயே வச்சுக்கோ. ஆனா நான் வந்தேன்."

பெரகியா தாடியைத் தடவினான். பிறகு, திருடி மாட்டிக்கொண்டவனைப் போல மெல்லச் சொன்னான்.

"நான்தான்டா தின்னேன்."

"என்னது?"

"நேத்துச் சாயங்காலம் மனசு கேக்கல. நீ வருவியா மாட்டியான்னு பாக்கக் குடிசைக்கு வந்தேன். வர்றதா இருந்தா நீ ரொட்டிய அங்கதான் வச்சிருப்பன்னு தெரியும். இடுக்குல கைய விட்டா ரொட்டி, இன்னும் சூடு ஆறல. என் தம்பி வர்றான்னு அங்கயே உக்காந்து அழுதேன். இவளுக்கு வலி எடுத்ததுலருந்து நான் சரியாச் சாப்பிடல. ரொட்டியப் பாத்ததும் அப்படி ஒரு பசி."

"எப்பண்ணே தின்ன? முன்னாலயா, பின்னாலயா?"

பெரகியாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு? மூணு நட்சத்திரம் வர்ற வரைக்கும் மடியில வச்சுக்கிட்டு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். மூணாவது வந்ததும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை எண்ணிட்டுத்தான் பிட்டேன். அதுக்கு முன்னால தின்னா நீ எப்படிடா வருவ?"

யோவேசேருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உலகத்தில் வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் அவன் சந்தேகப்பட்டிருப்பான். பெற்ற தாய்க்காகவே நாலு எட்டு தாண்டாதவன், ஒரு ரொட்டிக்காகப் பொய் சொல்லுவானா? ஆறு வருஷமாக எந்தப் பிடிவாதத்தைத் திட்டினானோ, அதை நம்பித்தான் இப்போது கால் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. அவன் கல்லைத் தாண்டினான்.

"கயிறு நனைஞ்சுதான்ணே இருந்துச்சு" என்றான், கட்டிப் பிடித்துக்கொண்டே.

"இப்ப எதுக்குடா அது? உள்ள வா, நேரமாகுது."

உள்ளே அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தலையணையோடு குழந்தையை மடியில் வைத்தார்கள். கையளவுதான் இருந்தது. கண்ணைத் திறந்து அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீடே அதிரும்படி அழுதது. பெரகியா குனிந்து தம்பியின் காதில் சொன்னான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ. எனக்குக் கை நடுங்குது."

"எனக்கும்தான்ணே" என்றான் யோவேசேர். இருவருமாகச் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.