நஸீர் பாயின் ஆறாவது போல்ட்

நஸீர் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் ஆலங்காயம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். போனில் பேசியவர் அவர் மனைவி ஜரினா அக்கா. மலையில் தனியாக இருந்த வீட்டில், காலைத் தொழுகை முடித்து டீக்குத் தண்ணீர் வைத்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கோவிந்தன் வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். முப்பது வருஷம் பழகிய மனிதர். அவர் செத்துப்போனார் என்று கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அந்த வண்டி முடிஞ்சுதாக்கா?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கோவிந்தனிடம் தானும் அதைத்தான் கேட்டதாகச் சொன்னார். முடியவில்லையாம்.

வாணியம்பாடியில் எங்களோடு செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு பாயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அட்டையில் ஷூவின் வடிவத்தை வெட்டிக் கொடுக்கிற பேட்டர்ன் பிரிவில் அவர் இருந்தார். நான் தையலில் சேர்ந்து, பிறகு பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போனேன். என் வேலை, சொன்ன தேதியில் சரக்கை அனுப்புவது. அவர் வேலை, இன்னும் சரியாக வரவில்லை என்று அதை நிறுத்தி வைப்பது. கம்பெனியில் இருந்தவரை மேனேஜர் இருந்தார், எங்கள் இரண்டு பேரையும் விலக்கிவிட. ஓய்வு பெற்ற பிறகு அதற்கும் ஆள் இல்லை.

கார்ப் பைத்தியம் அவருக்குப் பிடித்ததே ஒரு மரப்பெட்டியால்தான். வெளிநாட்டிலிருந்து புது மெஷின் வந்தபோது, ஆடாமல் இருக்க அந்த ஊர்ப் பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து, இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து என் மேஜையில் விரித்தார். படத்தில் இருந்ததைப் பார்த்தால் ஏணிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. பின்னால் தடித்த டயர், முன்னால் சைக்கிள் சக்கரம், நடுவில் மூடியே இல்லாத எஞ்சின். டிராக் ரேஸ் வண்டியாம். அறுபது வருஷத்துக்கு முந்தியது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று நேராகக் கால் மைல் ஓடும். ஏழு விநாடியில் பந்தயம் முடிந்துவிடும். நிறுத்துவதற்குப் பின்னால் பாராசூட் விரியும். எல்லாவற்றையும் கண் விரியச் சொன்னார். திரும்பத் தெரியாத வண்டியை எதற்குச் செய்தார்கள் என்று கேட்டேன். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அன்று தொடங்கியவர் சாகும்வரை அந்த மாதிரி வண்டிகளைத்தான் செய்தார், பதினாறில் ஒரு பங்கு அளவில். ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம் இருக்கும். பைக் பிரேக் வயரைப் பிரித்து முன்சக்கரத்துக்குக் கம்பி கட்டுவார். குண்டூசித் தலையை அரத்தால் ஆறு பட்டையாக ராவினால் அது போல்ட். சீட்டுக்கும் பாராசூட் உறைக்கும் தையல் என் தலையில் விழுந்தது. இருப்பதிலேயே மெல்லிய ஆட்டுத்தோலை இழைத்து, நல்ல சீட்டாகத் தைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த மயிர்க்கால பதினாறால பெருக்கிப் பாரும்மா. சீட்டு பூரா கேவுரு மணி அளவுக்குக் குழி இருக்கும். அதுல மனுசன் உக்காருவானா?"

ஏழு சீட்டு தைத்தேன். ஏழாவதைக் கூட அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. குறை ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் ஆலங்காயத்து வீட்டை விட்டு மலைக்குக் குடிபோனது அடுத்த கூத்து. வீட்டு வாசலில் லாரி போகிற ரோடு. பெயிண்டில் தூசி விழுகிறது என்று ஜவ்வாது மலையில், ஒரு நாளைக்கு நாலே முறை பஸ் போகிற ஊரில், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். ஜரினா அக்கா வர முடியாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மட்டும் பாய் கீழே இறங்கி வருவார். மலையில் தூசி இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் பனி இருக்கிறது என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. ஈரக் காற்றில் அடித்த பெயிண்ட் காய்ந்தபோது பாலாடை படிந்ததைப் போல வெளுத்துப் போயிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். அதன் பிறகு மாசி, பங்குனி, சித்திரை, இந்த மூன்று மாதத்தில் மட்டும்தான் பெயிண்ட். மற்ற நாளெல்லாம் காத்திருப்பு. கீழேயே வந்துவிடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

"தூசி மனுசன் போடுறது, அதோட சண்ட போடலாம். பனி அல்லா போடுறது, அதுக்குக் காத்துகினு இருக்கலாம்" என்றார். இந்த மனிதரோடு என்ன பேச முடியும்?

அவர் செய்த வண்டிகளின் படங்களை நான்தான் என் போனிலிருந்து, இப்படிப்பட்ட பைத்தியங்கள் கூடுகிற ஒரு இணையக் குழுவில் போடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் டிராக் ரேஸ் ஓட்டியவராம். வண்டி என்றோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முழுதாகப் போவதற்குள் அந்த வண்டியை ஒருமுறை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், செய்து தருவீர்களா என்று கேட்டிருந்தார். படித்துக் காட்டியபோது பாயின் கண் கலங்கிவிட்டது. ஆறு மாசத்தில் தருகிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் வண்டியின் நிறம் தெரியவில்லை. பெரியவரைக் கேட்டோம். கருஞ்சிவப்பு என்றார். பாய் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து கருஞ்சிவப்பு அடித்தார். நான் அனுப்பிய படத்தைப் பார்த்த பெரியவர், இல்லை, ஆரஞ்சு என்றார். அடுத்த கோடையில் ஆரஞ்சு. பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, முதலில் சிவப்பு அடித்து நடுவில் மாற்றியதாக ஞாபகம் என்றார். மூன்றாவது கோடையும் போயிற்று. அன்றைக்குத்தான் பாய், இனி அவரிடம் எதையும் கேட்பதில்லை, படத்தில் தெரிவதை மட்டும் செய்வது என்று சத்தியம் செய்தார்.

படத்திலோ, எஞ்சினுக்கு முன்னால் இருக்கிற வட்ட மூடியில் ஐந்து போல்ட் தெரிந்தது. ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்தில் நின்ற ஒரு மெக்கானிக்கின் முழங்கை. மூன்று படங்களில் இந்த ஒன்றில்தான் மூடியே தெரிகிறது. அந்த முழங்கையை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார் பாய். ஆமாம், மூன்று வருஷம். ஏழு விநாடி ஓடுகிற வண்டிக்கு.

போன வருஷம் அந்தப் பெண்மணி, அப்பாவின் இடது கண் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினார். அடுத்த பஸ்ஸில் மலையேறினேன். கையில் பெட்டி, வண்டியின் அளவுக்கு வெட்டிய ஸ்பாஞ்சு. அதற்கு முன்னால் இரண்டு முறை வெட்டி, இவர் சக்கரத்தை மாற்றியதால் வீணாகிப் போயிருந்தது. வண்டி பளபளவென்று நின்றது. வட்ட மூடியில் ஐந்து போல்ட், ஒரு ஓட்டை. வரிசையைப் பார்த்தாலே தெரிகிறதே, ஆறாவதையும் வைத்து அனுப்புங்கள் என்றேன். அவசரத்துக்குக் கழற்ற வசதியாக ஒன்றை விட்டிருக்கலாம் என்றார். சரி, வைக்காமல் அனுப்புங்கள் என்றேன். வைத்திருக்கலாம் என்றார். அப்படியானால் பெரியவரையே கேட்போம் என்று போனை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஓட்டுறவரு ரோட்டப் பாப்பாரா, மூடியப் பாப்பாரா? கேட்டா நம்ம மனசு நோவக் கூடாதுன்னு எதனா ஒண்ணு சொல்லுவாரு. அத வெச்சி செஞ்சா பொய்யும்மா."

"அவருக்குக் கண்ணு போயிட்டா அப்புறம் ஆறு வெச்சா இன்னா, அறுபது வெச்சா இன்னா பாய்?"

பாய் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நீங்க செத்தாதான் இந்த வண்டி வெளிய வரும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு போனில் பேசிக்கொண்டோம். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொன்னது தப்பு என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எத்தனை வெள்ளிக்கிழமை கீழே வந்தார்.

வீட்டைக் காலி செய்ய நானும் ஜரினா அக்காவும் மலைக்குப் போனோம். சாமி மாடத்து விளக்கைப் பார்க்கிற மாதிரி கோவிந்தன் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாமை விதைக்கிற மனிதர். இந்த வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று பாயிடம் ஒருமுறை கேட்டவர். மேஜைமேல் மீன் தொட்டியைக் கவிழ்த்து, அதற்குள் வண்டியை வைத்திருந்தார் பாய். ஐந்து போல்ட், ஒரு ஓட்டை. பக்கத்தில் ஒரு டேப் துண்டில் ஆறாவது போல்ட், ராவி, வண்ணம் அடித்துத் தயாராக ஒட்டியிருந்தது. என் பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. அதன் பிறகும் சக்கரத்தை மாற்றியிருக்கிறார் போல, ஸ்பாஞ்சைப் புது அளவுக்கு அவரே வெட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

பாய் போட்ட சத்தியம் என்னைக் கட்டாது. மறுநாளே அந்தப் பெண்மணியை வீடியோவில் கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சரக்குக் கடிதத்து இங்கிலீஷ். அதில் விஷயத்தைச் சொல்லி, ஆறாவது போல்ட் இருந்ததா என்று பெரியவரைக் கேட்டேன். தொண்ணூற்று இரண்டு வயது மனிதர் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். தான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை, பார்த்ததெல்லாம் ரோடுதான், அதுவும் ஏழு விநாடி என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தாலும் இதே பதில்தான். பாய் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு வந்த எரிச்சலை எங்கே போய்க் கொட்ட? உங்களுக்கு எது பிடிக்குமோ அப்படியே அனுப்புகிறேன் என்றேன். பெரியவர் தலையை ஆட்டினார். அந்த மனிதர் எந்த இடத்தில் நிறுத்தினாரோ அந்த இடத்திலேயே விட்டு அனுப்புங்கள் என்றார்.

அப்படியே அனுப்பினேன், ஓட்டையோடு. என் வாழ்க்கையில் குறை தெரிந்தே அனுப்பிய ஒரே சரக்கு அது.

ஆறாவது போல்ட் என் தையல் பெட்டியில், ஊசி குத்துகிற பஞ்சு மெத்தையில் இருக்கிறது. கண்ணாடி போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். பாயிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுவும், சொல்லி, திருப்பி எடுக்க முடியாமல் போன அந்த ஒரு வார்த்தையும்தான்.

போன வாரம் அந்தப் பெண்மணி ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டியை இரண்டு கையாலும் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார். தெரிகிற ஒரு கண்ணால் பார்த்துச் சிரிக்கிறார். வட்ட மூடியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து போல்ட். ஆறாவது இடத்தில், சரியாக அந்த இடத்தில், அவருடைய கட்டைவிரல்.

வீட்டில் யாரும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்: "இப்பவும் தெரியல பாய்."