மாமா சொன்னதை நான் சொல்லவில்லை

ஒரு மனிதர் என்னை நம்பி ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில் அப்படியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல... தெரிந்தே விழுங்கினேன்.

அதற்கு முன்பே ஒரு திருட்டும் செய்திருந்தேன். அந்த மனிதருடைய மூத்த மகளின் சாவைத் திருடி, ஸ்பானிய மொழியில் கட்டுரையாக எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கினேன்.

ஆக, என்னைப் பற்றி முக்கியமானது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சத்தைக் கேட்க மனமில்லையென்றால் எழுந்து போகலாம், குறை சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் போகமாட்டீர்கள். பிறத்தியாரின் பிழையைக் கேட்பது யாருக்குத்தான் கசக்கும்!

நான் சுவிசில், வின்டர்தூர் நகரில் பிறந்து வளர்ந்தவள். 2009இல், இலங்கையில் போர் உச்சத்தில் இருக்க, அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் சாப்பாடு தண்ணியில்லாமல் இருந்த அந்த மாதங்களில், எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து அறையில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியம் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குப் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்தேன். சாத்தச் சொன்னது யாருமில்லை.

தர்ஷிகா எங்கள் வகுப்புக்கு வந்தது மூன்றாண்டுகள் கழித்து. அவளுடைய அப்பா வெகுகாலமாக இங்கே இருந்தவர், ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. போர் முடிந்த மறு ஆண்டு தாயும் அவளும் வன்னியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். கணக்கில் புலி. டொச்சில் மட்டும் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தாள். அதனால் அந்த அரையாண்டு அவளைத் தற்காலிகமாகத்தான் ஏற்றிருந்தார்கள். சராசரி குறைந்தால் பள்ளியை விட்டுப் போகவேண்டும்.

அவளுக்கு இருந்த ஒரே பிடி ஸ்பானிய மொழி. அதில் எல்லோருமே 'ஓலா' என்ற வணக்கத்திலிருந்து தொடங்கினோம். வகுப்பிலிருந்த ஒரு வழக்கறிஞரின் மகனுக்கும் அதே நாளில்தான் 'ஓலா', தர்ஷிகாவுக்கும் அதே நாளில்தான். டொச்சில் விட்ட புள்ளிகளை அவள் அங்கேதான் பிடித்தாள். "இது ஒண்டுதான் எனக்கு நேர்மையான பாடம்," என்று ஒருமுறை சொன்னாள். நேர்மையான பாடம்! யாரிடம் போய்ச் சொன்னாள், பாருங்கள்.

எனக்கோ ஸ்பானிய ஆசிரியையிடம் ஒரு கோபம் இருந்தது. என் கட்டுரைகளில் பிழையே இருக்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடியில் பச்சை மையில் எழுதுவார்: "எல்லாம் சரி. ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?" ஐந்து கொடுப்பார். உச்ச மதிப்பெண்ணான ஆறு கொடுக்கமாட்டார். நான் எங்கே இருக்கிறேன்? பனிச்சறுக்கு முகாமில் கால் சுளுக்கியதைத் தவிர என் வாழ்க்கையில் என்ன நடந்தது? தர்ஷிகா இடைவேளையில் சும்மா நின்றாலே ஆசிரியர்கள் தலையைச் சரித்து, குரலைத் தாழ்த்தி அவளிடம் நலம் விசாரிப்பார்கள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமை. ஆம், பொறாமை. அவளிடம் என்ன இருந்ததென்று பொறாமைப்பட்டேன் என்பதை யோசித்துப் பார்த்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

புதன்கிழமைப் பிற்பகல்களில் பள்ளி இல்லை. தர்ஷிகா எங்கள் வீட்டுக்கு வருவாள். அம்மா தேத்தண்ணியும் பிஸ்கற்றும் தந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவா. ஒரு மணி நேரம் ஸ்பானிய மொழி மட்டும் பேசுவது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

அப்படியொரு புதனில், இறந்தகாலம் பழகும்போது, அவள் தன் அக்காவின் கதையைச் சொன்னாள். கைவசம் இருந்த நாற்பது ஐம்பது வினைச்சொற்களை வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில். தமிழில் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து நடக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ்களும் மற்றப் பத்திரங்களும் உள்ள பை தர்ஷிகாவின் பொறுப்பு. சுவிசுக்கு வருவதற்கு அந்தப் பத்திரங்கள் வேண்டும். அப்பா இங்கிருந்து தொலைபேசியில் கிடைக்கும்போதெல்லாம் சொல்வாராம், "எதை விட்டாலும் அந்தப் பையை விட்டிடாதேங்கோ" என்று. தர்ஷிகா அதைப் பதுங்குகுழிக்குள் மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வெகுதூரம் வந்தபிறகுதான் நினைவு வந்தது. அக்கா, "நீ அம்மாவோட நில், நான் ஓடிப்போய் எடுத்தாறன்," என்று திரும்பிப் போனாள். ஷெல் விழுந்தது. போய்ப் பார்த்தபோது பை அவளுக்கு அடியில் சேதமில்லாமல் இருந்தது. அந்தப் பத்திரங்களோடுதான் இருவரும் இங்கே வந்தார்கள்.

பிறகு அவள் சட்டத்தை மீறித் தமிழில் சொன்னாள்: "அப்பாக்கு இது தெரியாது. நடந்து வரேக்கை ஷெல் விழுந்தது எண்டு மட்டும்தான் அம்மா சொன்னவ. தான் சொன்ன பையாலதான் அக்கா போனவள் எண்டு தெரிஞ்சா அப்பா உயிரோட இருக்கமாட்டார். நீ ஒருத்தரிட்டையும் சொல்லாதை."

"சொல்லமாட்டன்," என்றேன்.

அழுதேன், பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள்ளே ஒன்று, 'இது ஆறு வாங்கக்கூடிய கட்டுரை' என்று கணக்குப் போட்டது. அந்தக் கணத்தைத்தான் வெகுகாலம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு செய்ததெல்லாம்கூட இரண்டாம் பட்சம்... அழுத கண்ணோடு கணக்குப் போட்டேனே, அது எப்படிப்பட்ட மனம்?

இரண்டு வாரம் கழித்து ஆசிரியை தலைப்புக் கொடுத்தார்: 'என்னை மாற்றிய ஒரு நாள்'. நான் அக்காவைச் சின்னம்மா ஆக்கினேன். அம்மாவின் தங்கை என்றேன். அம்மாவுக்குத் தங்கையே கிடையாது. பையையும் பதுங்குகுழியையும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். நன்றாக எழுதினேன், அதுவும் ஒரு கேவலம்.

தர்ஷிகா அதையே எழுதுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வாயே திறக்கமாட்டாள் என்றுதான் எண்ணினேன். ஆனால் ஸ்பானிய மொழியில் எழுதினால் வீட்டில் யாருக்கும் விளங்காது அல்லவா? அவளும் முதல் தடவையாக அதைத் தாளில் இறக்கி வைத்திருக்கிறாள்.

அடுத்த பாடத்தில் ஆசிரியை, பாதித் தாள்களைத்தான் திருத்தியதாகச் சொல்லிவிட்டு, என்னுடையதை வாசித்துக்காட்டலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். வாசிக்கும்போது அவருடைய குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் தர்ஷிகா இருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் அவள் ஆசிரியையிடம் போய், தன் கட்டுரையைத் திருப்பித் தரமுடியுமா, வேறு எழுதித் தருகிறேன் என்று கேட்டாள். அவர் சிரித்து மறுத்துவிட்டார்.

அதுவே பிறகு அவளுக்கு எதிரான சாட்சி ஆயிற்று.

ஒரு வாரத்தில் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்தார். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னுடையதில் பிழை இல்லை. அவளுடையதில் வரிக்கு வரி பச்சை. "இது யாருடைய வீட்டில் நடந்தது?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில்," என்றேன். நாக்கு இடறக்கூட இல்லை.

அவர் தர்ஷிகாவைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். தன்னுடையது என்று சொன்னால் அன்புள்ள அந்த மனுஷி சும்மா விடமாட்டார். பெற்றோரைக் கூப்பிடுவார், ஆலோசகரைக் கூப்பிடுவார், கதை அப்பாவின் காதுவரை போகும். இதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டும். "அவளுடையது," என்று என்னைக் காட்டிச் சொன்னாள்.

என் கதையைத் திருடியதாகத் தர்ஷிகாவுக்கு மதிப்பெண் ஒன்று போட்டார்கள். அதற்குக் கீழே மதிப்பெண் இல்லை.

பெற்றோரின் கையெழுத்துக்காக வீட்டுக்குக் கடிதம் போயிற்று. கடிதத்திலிருந்த டொச்சு அவளுடைய அப்பாவுக்குப் புரியவில்லை, ஒன்று என்ற இலக்கம் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல், இரண்டு வேலைக்கு நடுவில், மருத்துவமனைச் சீருடைக்கு மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு நேரே வகுப்புக்கே வந்துவிட்டார். பாடம் முடிந்து நாங்கள் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். தர்ஷிகாவைப் பற்றித்தான் பேச்சு என்பதால் அவளையே மொழிபெயர்க்கச் சொல்ல ஆசிரியைக்கு விருப்பமில்லை. "நீ உதவி செய்வாயா? உனக்குக் கஷ்டம் என்று தெரியும்..." என்று என்னிடம் கேட்டார். அவர் கண்ணில் பாதிக்கப்பட்டவள் நான்தான்!

நானே நின்றேன், நடுவில். ஒரு பக்கம் மாமா, தர்ஷிகாவின் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். மறுபக்கம் ஆசிரியை. ஜன்னலோரம் தர்ஷிகா. இரண்டு மொழியும் தெரிந்தவள், நான் எதைச் சொல்கிறேன், எதை விடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக்கூடியவள்.

ஆசிரியை சொன்னார்: "இன்னொரு குடும்பத்தின் இழப்பை எடுத்துத் தன்னுடையதாக எழுதியிருக்கிறாள். இது எனக்கு மிகுந்த வருத்தம்."

நான் மாமாவிடம் சொன்னேன்: "கட்டுரை சரியா வரேல்லையாம் மாமா. இன்னும் கவனமாப் படிக்கவேணுமாம்."

மாமா கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, ரீச்சரிட்டை இதைச் சொல்லும். எங்கட மூத்த பிள்ளையை நாங்கள் அங்கை ஷெல்லுக்குக் குடுத்திட்டு வந்தனாங்கள். இவளுக்கு இரவிலை நித்திரை இல்லை. அதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கச் சொல்லும்."

சொல்லியிருந்தால் அந்த ஆசிரியைக்கு அதே இடத்தில் எல்லாம் வெளித்திருக்கும். முட்டாள் அல்ல அவர். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பத்துச் சொல்கூட வராது டொச்சில்.

"மன்னிப்புக் கேட்கிறார். கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்," என்றேன்.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். தர்ஷிகா கேட்டுவிட்டாள். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்காகத் திறக்கமாட்டாள். அந்தத் துணிச்சலில்தான் நான் அதை விழுங்கினேன். அவள் பாசத்தையே அவளுக்குப் பூட்டாகப் போட்டேன்.

ஆசிரியை இளகிப்போனார். மேலிடத்துக்கு அறிவிக்கமாட்டேன் என்றார், மதிப்பெண் மட்டும் மாறாது என்றார். அதை மாமாவிடம் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீர் கதைச்சபடியால்தான் பிள்ளை," என்றார்.

அரையாண்டு முடிவில் தர்ஷிகாவின் சராசரி குறைந்தது. எவ்வளவு குறைந்தது தெரியுமா? அந்த ஒரு கட்டுரையில் சாதாரணமாக நாலரை எடுத்திருந்தால் தப்பியிருப்பாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குப் போடத்தான் எனக்கு எப்போதும் தெரியுமே. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள் முதியோர் இல்லத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தாள். புதன்கிழமைகள் அத்தோடு நின்றுபோயின. நான் இறுதித் தேர்வில் ஸ்பானிய மொழிக்கு ஆறு எடுத்தேன். இப்போது சூக் நகரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. ஸ்பானிய வாடிக்கையாளர்கள் என் உச்சரிப்பைப் புகழ்கிறார்கள்.

மாமாவை ஆண்டுக்கு ஒருமுறை கோவில் தேர்த் திருவிழாவில் காண்பேன். கண்டவுடன் யாரையாவது கையைப் பிடித்து இழுத்து வருவார். "இந்தப் பிள்ளைதான் அண்டைக்கு எங்களுக்காகப் பள்ளிக்கூடத்திலை கதைச்சது. ஆரும் செய்யாத உதவி," என்பார். ஒவ்வோர் ஆண்டும், வேறு வேறு ஆட்களிடம். அடி வாங்கியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

போன இலையுதிர் காலத்தில் பொறுக்கமுடியாமல், பிரெஞ்சு பேசும் பக்கத்திலுள்ள நொஷாட்டல் நகருக்குப் போனேன். தர்ஷிகா மணமுடித்து அங்கே இருக்கிறாள், அங்கேயும் முதியோர் இல்லத்தில்தான் வேலை. இப்போது பிரெஞ்சும் பேசுகிறாள். வேலை முடிந்து வெளியே வந்தவள் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. பஸ் தரிப்பில் பக்கத்தில் இருந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த முதல் கணக்கு உட்பட. இடையில் மறிக்காமல் கேட்டாள்.

பிறகு சொன்னாள்: "அண்டைக்கு அப்பா சொன்னதை நீ டொச்சிலை சொல்லியிருந்தா, ரீச்சர் துருவித் துருவிக் கேட்டிருப்பா. பையின்ரை கதையும் வெளியிலை வந்திருக்கும். நீ சொல்லாமல் விட்டதாலை அப்பா தப்பினார்."

நான் சட்டென்று நிமிர்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு ஆறுதல் ஓடிவந்தது.

"ஆனா நீ அதுக்காக விடேல்லை, என்ன?" என்றாள்.

"இல்லை."

"ஓம். தெரியும்."

பேருந்து தூரத்தில் தெரிந்தது. அவசரமாகச் சொன்னேன், மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று. அதற்குத்தான் அவள் முகம் மாறிற்று.

"உன்ரை மனம் ஆறுறதுக்கு என்ரை அப்பாவைக் கொல்லப் போறியோ?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்டும் சொல்லக்கூடாது. அவர் நன்றி சொன்னா, வாங்கு. சிரிச்சுக்கொண்டு வாங்கு. அவர் இருக்கிற வரைக்கும் வருசா வருசம் வாங்கு."

ஏறிப் போய்விட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யும் உரிமையை எப்போதோ இழந்தவள்.

அவரிடம் சொல்லமுடியாததால்தான் உங்களிடம் சொன்னேன். இதனால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தால் அதுவும் என் கெட்டித்தனம்தான்... குறையவில்லை.

இந்த ஆண்டுத் தேருக்கும் போனேன். மாமாவுக்கு இப்போது முழங்கால் வலி, தடியூன்றி நடக்கிறார். புதிதாக வந்த ஒரு குடும்பத்தை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இந்தப் பிள்ளை மட்டும் அண்டைக்கு இல்லாட்டி..." என்று தொடங்கினார். அந்தத் தாயும் தகப்பனும் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள்.

"பரவாயில்லை மாமா," என்றேன். சிரித்தேன்.