மூடாத தொட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது இது. உக்குவளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளன். என் வாய் மோசம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மோட்டார் சைக்கிள் விளக்குக்குக் கண்ணாடி போன்ற மூடிகளை வார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரமாக எல்லாவற்றிலும் வெள்ளி வெள்ளியாய்க் கோடு. ஈரமான பிளாஸ்டிக் மணியை உருக்கினால் அப்படித்தான் வரும். அதனால்தான் முதலில் டிரையரில் நாலு மணித்தியாலம் காய வைப்போம். அந்த வேலை, இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுடையது. குற்றவாளி அவள்தான் என்று முடிவு கட்டினேன்.

"நேரத்துக்கு முந்தியே எறக்கிட்ட. பொய் சொல்லாத. நாளையிலருந்து வராத" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவள் அழவில்லை.

"நான் சரியாத்தான் காய வச்சேன் சேர். எல்லாத்தையும் காலையிலயே மெசினுக்குப் பக்கத்துல இருக்கிற தொட்டியில கொட்டச் சொன்னது நீங்க. அது பொழுதுக்கும் தொறந்து கெடக்குது. எங்க தோட்டத்து லயத்து வீட்டுல காஞ்ச மிளகத் தொறந்து வச்சா, இந்த மழைக்கு நமுத்துப் போயிரும்."

"இது மிளகு இல்ல, பிளாஸ்டிக். வாய மூடு."

"என் வாய மூடச் சொல்றீங்க, தொட்டிய மூடச் சொல்ல மாட்டேங்கிறீங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு எரிந்தது. அவளைத் தோற்கடிக்கத்தான், செய்து காட்டு என்றேன்.

மறுநாள் காலை, டிரையரிலிருந்து சூடாக எடுத்த மணியில் பாதியைத் தகர டின்களில் போட்டு இறுக மூடினாள். மீதி வழக்கம்போல் திறந்த தொட்டியில். மத்தியானம் தொட்டி மணியை முதலில் ஓட்டினோம். அதே கோடு. பிறகு டின் மணி. இயந்திரத்துக்குள் மிஞ்சியிருந்த மணியால், முதல் நாலைந்தில் பழைய கோடு மங்கி மங்கி வந்தது. அடுத்ததைக் கையில் எடுத்தேன். அதனூடாக என் கைரேகை தெரிந்தது.

"இப்ப சொல்லுங்க சேர், மிளகா பிளாஸ்டிக்கா?"

தொட்டியில் மிச்சமிருந்த மணிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிகள் அரிசி போல உதிர்ந்தன. கையில் ஈரமே ஒட்டவில்லை. ஆனாலும் கல் போன்ற அந்தப் பொருள், நான் நின்று கத்திய அதே காற்றிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் குடித்திருக்கிறது. பதினொரு வருடம் அதை அள்ளிய கை இது. அப்படியே மலைத்து நின்றேன்.

எல்லோர் முன்னாலும் திட்டியவன், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும் சேர், தொட்டிக்கு ஒரு மூடி வாங்குங்க" என்றாள். அன்றே வாங்கிப் போட்டேன். இன்றும் டிரையர் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

மழை இருட்டும் காலைகளில் அந்த மூடியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம், நான் இழுத்து விடுகிற மூச்சுக் காற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஒருத்தியின் பிழைப்பைப் பறிக்கப் பார்த்தேனே என்று உடம்பு சிலிர்க்கிறது.