பஸ்ஸருக்குப் பக்கத்தில் ஒரு பல்ப்

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஒரு விளையாட்டு செய்தேன். கெட்டியான கம்பியொன்றை எங்கள் செஞ்சி மலைகளைப் போல ஏற்ற இறக்கமாக வளைத்துப் பலகையில் நிறுத்தினேன். கைப்பிடி வைத்த வளையத்தை அந்தக் கம்பியில் படாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் பேட்டரியில் ஓடும் பஸ்ஸர் கத்தும். முதலில் அது கத்தவே இல்லை. கம்பியின் துருவை உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் கை நடுங்கும் பெரியவர்களுக்கும் பெரிய வளையம் ஒன்று தனியாகச் செய்தேன். எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று அட்டையில் எழுதி ஒட்டியதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சித்தியைப் பெண் பார்க்கப் பனமலையிலிருந்து வந்திருந்தார்கள். சித்தி எங்கள் வீட்டில் தங்கித் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அது எங்கள் வீட்டுப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். காபி முடிந்ததும் விளையாட்டைத் தூக்கிவந்தேன். மாப்பிள்ளை பாதி மலையில் அவுட். அவருடைய அம்மா பெரிய வளையத்தை எடுத்தும் தொடங்கிய இடத்திலேயே அவுட். சிரிப்பு வந்தது. என் அம்மா கண்ணைக் காட்டியும் கேளாமல் வளையத்தைச் சித்தியிடம் கொடுத்தேன்.

வளையம் உரசி பஸ்ஸர் கத்தியது. சித்தி நிறுத்தவில்லை. கம்பியிலேயே கண்ணாக, புன்னகையோடு போய்க்கொண்டிருந்தாள். மறுபடியும் கத்தியது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“சித்தி, அவுட்டு! காது கேக்கல?”

சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் திரும்பினார்.

“இன்னாம்மா, பொண்ணுக்குக் காது கேக்காதா?”

சித்தி எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு வளையத்தை வைத்தாள்.

“கொஞ்சந்தான் கேக்கும். முன்னாடியே சொல்லிடலாம்னேன், இவங்கதான் வேணான்னுட்டாங்க.”

அவர்கள் சீக்கிரமே எழுந்துகொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் என் பக்கத்தில் குனிந்தார். “பஸ்ஸர் பக்கத்துல ஒரு பல்ப் வெச்சா இன்னா பாப்பா?”

“அதான் சத்தம் வருதே,” என்றேன் வெடுக்கென்று. நான் செய்ததில் குறை சொல்ல இவர் யார்?

அவர்கள் போனதும் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி அன்று சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தன் அம்மாவோடு மறுபடி வந்தார். அந்த அம்மாள் கையில் பூப்பொட்டலம் இருந்ததாம். நான் பார்த்தது மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து எடுத்த டார்ச் பல்பை மட்டும்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவரே ஒயரை முறுக்கி அதைப் பொருத்தினார். சித்தி ஆடினாள். இரண்டாவது மேட்டில் பல்ப் எரிந்ததும் கையை நிறுத்தி, “அவுட்டு!” என்று தானே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதி மலைகூடத் தாண்டாமல் தோற்றுப்போனவளைப் பார்த்து அத்தனை பேரும் ஏன் அவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.