கேட்டில் இரண்டு எழுத்து

என் சர்வீஸில் ஒரே வீட்டு போர்டு இரண்டு தடவை திரும்பி வந்தது மாரிச்செல்விக்குத்தான்.

ராஜபாளையத்தில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். எனக்குச் செல்லம் பிரஷ் ஃபான்ட். யாரோ அவசரமில்லாமல் பிரஷ்ஷால் எழுதினது மாதிரி இருக்கும். தொடக்கம் தடிப்பு, வால் மெலிவு, வரி லேசாக மேலேறி நிற்கும். காதுகுத்து பேனர், பால்கோவா டப்பா, எதில் போட்டாலும் சிரிக்கும்.

மாரிச்செல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். அவர் லீவு முடிந்து போனதும், தங்கச்சி தனியாகக் கிடக்கிறாளே என்று அவள் அண்ணன் ஒரு ராஜபாளையம் நாயைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளையன் என்று பெயர். கேட்டுக்கு, "நாய் ஜாக்கிரதை" என்று சிவப்பில் தடித்த எழுத்தில் போர்டு அடித்துக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"துணி கொண்டாற பொம்பளைக இதப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருதாகக்கா. தொழிலே படுத்துருச்சு."

இதற்கென்றே காத்திருந்தவள் மாதிரி, "நாய் இருக்கு, பயப்படாம வாங்க" என்று முழுக்க பிரஷ் ஃபான்டில் போட்டேன். பெண்கள் வந்தார்கள். மற்றவர்களும் வந்தார்கள். மறுபடி போர்டும் வந்தது.

"மிக்ஸி விக்கிறவன் தன்பாட்டுக்கு நடுவீட்டுல வந்து நிக்கான். வெள்ளையன் கொல்லையில கட்டிக் கெடந்தான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலக்கா."

முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஒன் எழுத்து ஊருக்கே பல்லக் காட்டிக் கூப்பிடுதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம். அப்புறம் அவளிடமே கேட்டேன்: "தெரியாத ஆள் வந்தா என்ன சொல்லுவ? துணியோட வந்தா என்ன சொல்லுவ?" அவள் இரண்டையும் இரண்டு குரலில் சொன்னாள். அந்த இரண்டு குரலையும் போர்டில் ஏற்றினேன். மேலே நேரான தடித்த எழுத்தில், "நாய் உள்ளது. அந்நியர் நுழையக் கூடாது." கீழே பிரஷ் ஃபான்டில், "துணி தைக்கவா? பெல் அடிங்க, வெள்ளையனக் கட்டிட்டு இந்தா வாரேன்."

டிசைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபான்ட் தேடுமுன் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சட்டம் பேசுகிற இடத்தில் பிரஷ் எழுத்து வேண்டாம். ஆள் பேசுகிற இடத்தில் அதைவிட்டால் வேறு இல்லை.

தீபாவளிக்கு முன்னால் பால்கோவாவோடு வந்தாள். தையல் தலைக்குமேல் கிடக்கிறதாம். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்திருக்கிறார். வெள்ளையன் அவரைப் பார்த்ததே இல்லை, குரைத்துத் தள்ளியிருக்கிறான். இவள் எட்டிப் பார்த்தால், மனுஷர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு போர்டு முன்னால் அசையாமல் நிற்கிறார்.

"பெல் அடிக்காம எதுக்கு நின்னியன்னு கேட்டேன்க்கா," என்றாள். "கீழ் வரி நீ பேசுத மாதிரியே இருந்துச்சு, அதான் இன்னொருக்க வாசிச்சேன்னாவ."