எனக்குப் பின்னால் தொங்கிய ஃபிளெக்ஸ்

ஜெர்மனியில், லைப்ஸிக்கில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிச் சுவரில் சென்ற வாரம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உள்ளங்கை அளவுதான். கீழ்த் தளத்தில் இருக்கும் க்ளாவுஸ் தம் அறுபதாவது பிறந்தநாளைச் சனிக்கிழமை மாலை கொண்டாடுகிறாராம். கொஞ்சம் சத்தம் இருக்கும், அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பென்சிலில் எழுதியிருந்தார். படியில் நின்று இரண்டு முறை படித்தேன். எங்கள் மதுரைக் கோரிப்பாளையத்தில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்கே லாரி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். குழந்தைக்குக் கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு புலி, கீழே வாழ்த்துபவர்களின் தலைகள் வட்டம் வட்டமாக. இங்கே அறுபது வயது மனிதர் பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இங்கு வந்த பிறகு நானும் உள்ளங்கை அளவுக்குப் பேசுகிறவனாகத்தான் ஆகிவிட்டேன். கடந்த ஐப்பசியில் மதுரையில் நடந்தது அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது.

பகலில் ஒரு கிடங்கில் சரக்குக் கணினியைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் ஒரு முழுநீள அனிமேஷன் படத்துக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தேன். என் முதல் படம். எதற்கும் தேதி போட்டு வைக்கும் பழக்கம் இருப்பதால், ஒவ்வொரு வரைவும் எந்தக் கிழமையில் முடிந்தது என்பது வரை என்னிடம் இருக்கிறது. கதை மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் நடப்பது. சமணத் துறவிகள் ஊர் ஊராக நடப்பார்கள், மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்குவார்கள் என்று படித்திருந்தேன். சமணர் மலையின் கற்படுக்கை ஒன்றை ஒரு சிறுமி ஒவ்வொரு மழைக்கும் பெருக்கித் துடைத்து வைக்கிறாள், எப்போதோ கிளம்பிப் போனவர் திரும்பி வந்து படுப்பார் என்று. மலை, சிறுமி, காற்று. வேறு ஆளே கிடையாது. கலைக்காக அப்படி எழுதினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஆள் கூடினால் வரையும் வேலை கூடும், அதற்கு வழியில்லை என்பதுதான் உண்மை.

ஜெர்மனியில் புதியவர்களின் திரைக்கதையை வளர்த்தெடுக்க ஒரு பயிலரங்கு உண்டு. இடம் கிடைத்தால் தேர்ந்தவர்களோடு ஓராண்டு உட்கார்ந்து எழுதலாம். படத்தைத் தயாரிக்க வாய்ப்புள்ளவர்கள் அங்கேதான் வருவார்கள். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே திரும்பியிருந்தது. மூன்றாவதும் தவறினால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். இம்முறை வரைபடங்களை வரிசையாக ஓடவிட்டுக் குரல் சேர்த்த மாதிரிப் படம் ஒன்றும் கேட்டார்கள். அனிமேட்டிக் என்பார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்டூடியோ என் பள்ளித் தோழன் பாண்டியின் ஃபிளெக்ஸ் கடைதான். கோரிப்பாளையத்தில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாழ்த்துகளும் கண்ணீர் அஞ்சலிகளும் அடித்து முடித்த பிறகு அவனுடைய கணினி என் கைக்கு வரும். மலையின் பின்னணிகள் எல்லாம் அவன் வரைந்தவை. ஒரு காட்சியில் மலைக்குப் பின்னால் சூரியன் கதிர் கதிராக வெடித்துக் கிளம்பியது. பழக்க தோஷம் என்றான். அதை மட்டும் கெஞ்சி நீக்கவைத்தேன்.

சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் குமுதா டீச்சர். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மிஷன் பள்ளியில் பாட்டு டீச்சர். வயது ஐம்பதைத் தொட்டாலும் பத்து வயதுக் குரல் அவரிடம் பத்திரமாக இருந்தது. பதிவுதான் பெரும்பாடு. கீழே சந்திப்பில் நிற்காத ஹார்ன். ஜன்னலுக்கு மெத்தையை அண்டக்கொடுத்தோம், பயனில்லை. கடைசியில் டீக்கடை ஜாகிர் பாய் அடுப்பைத் தணித்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்றுகொண்டு, வருகிற ஆட்டோக்களை எல்லாம் கையைக் காட்டி அடக்கினார். அவர் அடக்கிய சத்தமும் பதிவாகிவிட்டது. சிறுமி கற்படுக்கையைத் துடைக்கும் காட்சியில், காற்றொலிக்கு அடியில், எங்கோ தூரத்திலிருந்து கேட்கும்: "ஏ, அமுக்காதப்பா. மேல பிள்ளை பேசுதுல்ல." எவ்வளவு முயன்றும் அதைக் குரலிலிருந்து பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

நான் மதுரையில் இருக்கும்போதே விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. நேர்காணல் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், வீடியோவில். பிட்ச் என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பத்து நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன். பின்னால் வெறும் சாம்பல் நிறத் துணி மட்டும் தொங்க வேண்டும் என்று பாண்டியிடம் சொல்லிவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்து அவசரமாகக் கணினி முன் உட்கார்ந்து இணைப்பைத் திறந்தபோதுதான் திரையின் மூலையில் என் முதுகுப்புறம் தெரிந்தது. புதிதாக அடித்த ஃபிளெக்ஸ், மை வாசம்கூடப் போகவில்லை. இடப்பக்கம் ஆளுயரத்துக்கு நான். வலப்பக்கம் வட்ட வட்டமாகப் பாண்டி, குமுதா டீச்சர், கறுப்புக் கண்ணாடியில் ஜாகிர் பாய், மெத்தை கொடுத்த பக்கத்துக் கடைக்காரர், இன்னும் நான்கைந்து பேர். மேலே, ஜெர்மனியை வென்று வா என்ற பொருளில் ஏதோ ஒரு வரி. ஒலியை அடைத்துவிட்டுப் பாண்டியைப் பார்த்து முறைத்தேன்.

"வெறும் துணியக் கட்டிட்டு உக்காந்தா எழவு வீடு மாதிரி இருக்கும்டா மாப்ள," என்றான்.

கழற்ற நேரமில்லை. பேசி முடித்தேன். மூவர் குழுவில் நடுவில் இருந்த பெண்மணி என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கதாபாத்திரங்களின் வரிசையை இவ்வளவு பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டினார். பிறகு, கண்ணாடி அணிந்தவர் கதையில் என்ன செய்கிறார் என்று கேட்டார். அவர் கதையில் இல்லை, டீ போடுகிறவர் என்றேன். பெண்மணி தம் காகிதங்களைப் புரட்டினார். அப்படியானால், மொழி புரியாவிட்டாலும் கேட்கிறது, மலைக்குக் கீழிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறாரே, அந்தச் சிறுமியைப் பார்த்துக்கொள்கிறவர் போல, அவர் யார் என்று கேட்டார். மனப்பாடம் செய்தது எதுவும் உதவவில்லை. அவரும் இவர்தான் என்று சொல்லிவிட்டு, ஹார்னைப் பற்றிச் சொன்னேன். மெத்தையைப் பற்றி, இரண்டு பஸ் மாறி வந்த பத்து வயதுக் குரலைப் பற்றி, பாண்டியின் சூரியனைப் பற்றிச் சொன்னேன். ஒதுக்கிய நேரம் தாண்டியும் யாரும் தடுக்கவில்லை. அழைப்பை முடித்தபோது எல்லாம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பாண்டி தன் தவறைப் புரிந்துகொண்டு டீ வாங்கிவரப் போனான்.

அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. இடம் உண்டு. கூடவே ஒரு வேண்டுகோளும் இருந்தது. உங்கள் மலையில் ஒரு சிறுமியைத் தனியே விட்டிருக்கிறீர்கள், உங்களுக்குப் பின்னால் தொங்கியவர்களையும் மேலே ஏற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அத்தனை பேரை நான் எப்படி வரைந்து முடிப்பேன் என்று பாண்டியிடம் கவலைப்பட்டேன். "எங்க மூஞ்சிதான, எம்புட்டு நேரம் ஆகும்," என்றான். குமுதா டீச்சர் போனில் ஜெபம் செய்துவிட்டு, தன்னைக் கொஞ்சம் ஒல்லியாக வரையும்படி கேட்டுக்கொண்டார்.

நான் கிளம்பும் நாளில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையின் பக்கவாட்டுத் தகரம் ஒழுகுகிறது என்று ஜாகிர் பாய் ஃபிளெக்ஸைக் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தபோது நடுவில் நேராக வெட்டி, என் ஆளுயரப் படம் இருந்த பாதியை மட்டும் அடுப்புக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மற்றதைச் சுருட்டி என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இம்புட்டு போதும் தம்பி. கூட்டத்த நனைய விட மனசு வரல. நீங்க ஒருத்தரு, தாங்கிக்குவீக."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். விமானத்தில் அந்தச் சுருளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது என் மேசைக்கு எதிர்ச்சுவரை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக மலையேற்றிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை க்ளாவுஸின் விருந்துக்குப் போனேன். சத்தம் என்று அவர் எழுதியது, பத்துப் பேர் மெல்லப் பேசிச் சிரித்ததைத்தான். மறுநாள் மிச்சமிருந்த கேக்கில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தவர், வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தார். அரசியல்வாதிகளா என்று தயங்கிக் கேட்டார். என் ஆட்கள் என்றேன். அருகில் போய்க் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, வட்டம் வட்டமாக ஒவ்வொரு முகத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இதில் நீங்கள் எங்கே?" என்று கேட்டார்.

காலையில்தான் பாண்டி வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அதைத் திறந்து அவரிடம் காட்டினேன். கோரிப்பாளையத்தில் நல்ல மழை. என் நெற்றியில் தண்ணீர் தேங்கித் தொய்ந்திருந்தது. அதற்குக் கீழே, அடுப்பு அணையாமல், ஜாகிர் பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.